மெத்தைப்பள்ளம்

அந்த முடி வெங்கடலட்சுமியுடையதாக இருக்க வழியில்லை.

இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்தாள். மேசைமேல் கிடந்த கறுப்புச் சேற்றுக்குள்ளிருந்து அது இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் வந்ததும் ஏனோ கை நின்றுபோயிற்று. கத்தரிக்கோலை எடுத்து அறுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தடித்த, நேரான, கன்னங்கரிய முடி. அப்போதுதான் தலைக்குக் குளித்த கூந்தலிலிருந்து உதிர்ந்ததைப் போல ஈரத்தில் மின்னியது.

அவள் தலையில் இருந்ததோ விரற்கடை முடி. போன வருஷம் அவிநாசி ரோட்டில் லாரி ஒன்று கோபாலசாமியின் ஸ்கூட்டரைத் தட்டிவிட்டுப் போய், அவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் வராந்தாவில் நின்றபடி திருப்பதிக்கு வேண்டிக்கொண்டாள். கணவர் பிழைத்தார். இடது கால் மட்டும் கொஞ்சம் தாங்கலாகிவிட்டது. தை மாதம் மலையேறி, இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தலை அவள் கொடுத்துவிட்டு வந்தாள். பீளமேட்டில் இருந்த அந்த வாடகை வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். வேலைக்காரி கூட இல்லை.

சேறு, வால்பாறைக்கு மேலே இருக்கிற புல்மலைகளிலிருந்து வந்தது. கோபாலசாமி கல்லூரியில் பூகோளம் நடத்துகிறவர். மலை என்றால் பைத்தியம். மாசி மாதம் அங்கே ஜீப் ஓட்டுகிற பங்காரு என்பவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, மெத்தைப்பள்ளம் என்று எஸ்டேட் ஜனங்கள் சொல்கிற சதுப்பில் இரும்புக் குழாயை இறக்கி, அடிவரைக்கும் உள்ள சேற்றைக் குழைந்துபோகாமல் உருளை உருளையாக வெளியே எடுத்து வந்திருந்தார். காலை வைத்தால் இலவம்பஞ்சு மெத்தைபோல் அமுங்கி எழும்புமாம், அதனால் அந்தப் பெயர். கல்லூரியில் ஃபிரிட்ஜ் பழுது. ஆகவே பிளாஸ்டிக் தாள் சுற்றிய உருளைகள் இவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில், தக்காளிக்கும் தயிருக்கும் கீழே படுத்திருந்தன.

மீதி வேலை வெங்கடலட்சுமியுடையது. அவள் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. சதுப்பில் எதுவும் மக்குவதில்லை. காற்றில் வந்து விழுகிற மகரந்தத் தூள் விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். மேலே இருப்பது நேற்றைய சேறு, அடியில் இருப்பது மனிதர்கள் நெல் விதைக்கத் தெரிந்துகொள்வதற்கும் வெகுகாலம் முந்தையது. மெல்லிய துண்டுகளாக நறுக்கி, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் அந்தந்தக் காலத்தில் அந்த மலையில் என்ன முளைத்திருந்தது என்று சொல்லிவிடலாம்.

சொல்லத்தான் செய்தாள். மேலே புல். அதற்குக் கீழே காடு. அதற்கும் கீழே மறுபடி புல், மறுபடி காடு. அதில் அதிசயமில்லை. மழை கூடினால் காடு மேலேறும், குறைந்தால் இறங்கும், புல் பரவும். ஆனால் அதெல்லாம் ஆமை வேகத்தில் நடக்க வேண்டிய காரியம். இங்கே ஒரு துண்டில் அடர்ந்த காடு இருந்தது, அடுத்த துண்டில் ஒற்றை மரம் இல்லை.

"மலையே பொரண்டு படுத்த மாதிரியல்ல இருக்குது!" என்று அன்றைக்குக் கோபாலசாமி சிரித்தார்.

இப்போது அவள் சமையலறைக் கத்தியை எடுத்து, நறுக்காத உருளை ஒன்றை நீளவாக்கில் பிளந்தாள். சேறு வெண்ணெய் போல் வழிவிட்டது. அந்தச் சித்திரை மத்தியானத்தில், மின்விசிறி அனல் காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்த அறையில், உருளையிலிருந்து கிளம்பிய குளிர்ச்சி அவள் மணிக்கட்டைத் தொட்டது. நடுவில், மெழுகுவர்த்திக்குள் திரி ஓடுவதுபோல அந்த முடி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த உருளையைப் பிளந்தாள். அதிலும். அதற்கடுத்ததிலும். புல்லைத் தாண்டி, காட்டைத் தாண்டி, மறுபடி புல்லைத் தாண்டி, எங்கேயும் அறுபடாமல், ஒரே முடி.

சேற்றில் முடி விழலாம். அதை நினைக்க அவளுக்குக் கஷ்டமாக இல்லை. ஆனால் விழுந்த முடி அந்தந்த வருஷத்தில் படிந்து கிடக்கும். இது படிந்து கிடக்கவில்லை. அடியில் தொடங்கி, சேறு ஏற ஏற, அதற்கு ஈடுகொடுத்துத் தானும் வளர்ந்து வந்திருந்தது.

*

கோபாலசாமி சாயங்காலம் வந்தபோது அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, இங்க வந்து இதைப் பாருங்க."

அவர் செருப்பைக் கழற்றாமலே வந்தார். பிளந்து கிடந்த உருளைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"அறுத்துட்டியா?"

"என்னதுங்க?"

"முடிய. நடுவுல அறுத்துட்டியான்னு கேக்கறேன்."

"சேத்துக்குள்ள முடி எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

அவர் குனிந்து, அறுபட்ட இரண்டு முனைகளையும் விரலால் நகர்த்தி ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். வெகு கவனமாக, காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் போல.

"அங்கியே பாத்தேன். வேருன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "வேருன்னுதான் நெனச்சுக்கோணும்னு இருந்தேன்."

"குழாய் எதுவரைக்கும் போச்சுங்க? அடியில பாறை தட்டுச்சுன்னு சொன்னீங்களே?"

"பாறைன்னா டங்குன்னு சத்தம் கேக்கும் லட்சுமி. கை அதிரும்." அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இது சத்தமே போடலெ. கொஞ்சம் அமுங்குச்சு. அப்புறம் குழாய மெதுவா மேல தள்ளிவிட்டுருச்சு."

அவர் அன்று சாப்பிடவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் மோட்டார் ஓடி நிற்பதையும் நின்று ஓடுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கோபாலசாமி அறைக்கு அறை நடந்தார். தாங்கித் தாங்கி நடக்கிற அந்தக் காலின் ஓசை, ஒரு கனம் ஒரு லேசு, ஒரு கனம் ஒரு லேசு, அவள் சமையலறையில் இருந்தாலும் குளியலறையில் இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கமாகவே கூட வந்தது. பாடத்துக்குத் தயார் செய்ய உட்காருவார், எழுந்துவிடுவார். ரேடியோவைப் போடுவார், அணைப்பார். விரல்கள் மட்டும் ஓயாமல் அசைந்தன. எதையோ மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பதுபோல. முதலில் அவள் நரம்புத் தளர்ச்சி என்று நினைத்தாள். தலையில் பட்ட அடியின் மிச்சம் என்று நினைத்தாள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு அவர், "உங்கூந்தல் எவ்வளவு கனம்? ஞாபகம் இருக்குதா?" என்றார்.

ஒரு விடிகாலை அவள் கண் விழித்தபோது போர்வை கணுக்காலை உறுத்தியது. சென்னிமலையில் வாங்கிய புதுப் போர்வை. அதன் ஓரத்தில் தொங்கிய நூல் குஞ்சங்கள் எல்லாம் மும்மூன்று புரியாகப் பின்னப்பட்டிருந்தன. பிறகு அந்தப் பின்னல்களையே மும்மூன்றாகச் சேர்த்து மறுபடி பின்னியிருந்தது. இறுக்கமாக, ஒழுங்காக, ஒரு நூல் பிசகாமல். கோபாலசாமி பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருக்குச் சடை பின்னத் தெரியாது.

வெளியே ஊர் முழுக்க வெயிலில் வதங்கியது. அவர்கள் வீட்டில் மட்டும் சமையலறைத் தரையில் கால் சில்லிட்டது. தோசை மாவு வெளியிலேயே வைத்தும் பொங்கவில்லை. அரைத்த மாதிரியே, புளிக்காமல், செத்துக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து வெள்ளையாக நின்றது. வீடு முழுக்க ஒரு வாசனை; மழை பெய்த இடத்து மண்வாசனை இல்லை அது. வெயிலே படாத இடத்தின் வாசனை. ஈரமான, கனமான, தூங்குகிறவர்களின் தலையணையில் இருக்குமே, அப்படி ஒரு வாசனை.

மறுநாள் காலை மேசைக்குப் போனாள். நறுக்கிய துண்டுகளைத் தனித்தனிக் கண்ணாடித் தட்டுகளில் வரிசையாக வைத்து, மேலே ஈரத் துணி போர்த்தியிருந்தாள். துணியை எடுத்தாள்.

ஒவ்வொரு தட்டிலிருந்தும் முடி விளிம்பைத் தாண்டி இறங்கியிருந்தது. மேசைமேல் ஊர்ந்து பக்கத்துத் தட்டின் விளிம்பில் ஏறியிருந்தது. அங்கே, அந்தத் துண்டின் முடியோடு சேர்ந்திருந்தது.

முடிச்சு இல்லை. ஒட்டின தடம் இல்லை.

அவர்தான் செய்திருக்கிறார், ராத்திரி எழுந்து வந்து, வேறு முடி வாங்கி வந்து, என்று மனசு வேகவேகமாகக் காரணம் தேடியது. இடுக்கியால் நடுவில் தொட்டாள். தளர்வாகக் கிடந்த முடி விறைத்தது.

தட்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன.

*

"மனுச முடி மாதிரித்தான் நாறுதுங்க்கா" என்றாள் இஸ்மத்.

இஸ்மத், வெங்கடலட்சுமியின் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள்; சேற்றைக் கழுவ அமிலம் கலந்து கொடுப்பது அவள்தான். வெங்கடலட்சுமி தாளில் மடித்துக் கொண்டுபோயிருந்த முடித் துண்டை அவள் பர்னர் நெருப்பில் காட்டினாள். பொசுங்கும் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. நெருப்பிலிருந்து எடுத்தபோது முடி சுருங்காமல், கருகாமல், அப்படியே இருந்தது. இஸ்மத் அதை நெருப்பில் மறுபடி காட்டவில்லை. மெதுவாகத் தாளில் வைத்து, தாளைத் தள்ளிவிட்டாள்.

"எங்கிருந்துக்கா எடுத்தீங்க?"

"வால்பாறை மேல. சதுப்புல."

"சார் எப்படி இருக்கறாரு?"

வெங்கடலட்சுமி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகை முந்திக்கொண்டது. இஸ்மத் கதவைச் சாத்திவிட்டு வந்து தோளில் கை வைத்தாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. இதுல படிப்பு ஒண்ணுமில்ல. எடுத்த எடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துருங்க ரெண்டு பேரும். ஒரு ஆராய்ச்சியும் வேண்டாம்."

அதைத்தான் செய்வது என்று முடிவு பண்ணிக்கொண்டு, இத்தனை நாளைக்குப் பிறகு முதல்தடவையாகக் கொஞ்சம் தெம்போடு வீடு திரும்பினாள். வாசல் கதவு திறந்து கிடந்தது. ஃபிரிட்ஜும் திறந்து கிடந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு எரிய, தட்டுகளிலிருந்து நீர் சொட்டித் தரையில் ஓடியிருந்தது. உருளைகள் இல்லை. மேசைமேல் கண்ணாடித் தட்டுகள் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தன.

கோபாலசாமியும் இல்லை.

விடிந்ததும் தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வால்பாறை எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டாள். பங்காருவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"சார் நேத்துக் கடைசி பஸ்ல வந்து எறங்குனாருங்கம்மா. கையில பெரிய மூட்டைங்க. இருட்டாயிப்போச்சு, காத்தால போலாமுங்கன்னு சொன்னேன். கேக்காம நடந்துபோட்டாருங்க."

"நீங்க கூடப் போகலீங்களா?"

பங்காரு, "நீங்க வாங்கம்மா" என்றார்.

*

பஸ் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளைத் தாண்டி, ஆழியாற்றைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு படி குளிர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் மடியில் கோழியோடு தூங்கிப்போனாள். வெங்கடலட்சுமிக்கு உட்கார முடியவில்லை. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து நின்றாள். அவரை ஒரு தரம் எமன் கையிலிருந்து வாங்கியாயிற்று. இன்னொரு தரமும் வாங்கிவிடலாம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் போதும், மீதியை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

பங்காரு பஸ் நிலையத்திலேயே ஜீப்போடு நின்றிருந்தார். கழுத்தில் மஃப்ளர் சுற்றிய, நடுவயது மனிதர். தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடம் வரைக்கும் ஜீப் ஏறியது. அதற்கு மேலே, பாதையை மறைத்துக்கொண்டு, வாட்டில் என்கிற சீகை மரங்கள் தொடங்கின.

"இதெல்லாம் நாங்க சின்னப்பசங்களா இருந்தப்பப் புல்லுங்கம்மா" என்றார். "தோல் பதனிட பட்டை வேணும்னு கவருமெண்டுல வெச்சாங்க. வெச்சது ஒரு பாத்திங்க, இப்ப மலை பூராம் அதுவே ஏறிப்போச்சு. புல்லத் தின்னு, தண்ணியத் தின்னு, மெத்தைப்பள்ளத்துக் கரைக்கே போயிருச்சுங்க. எங்க தோட்டத்து லைன் வீட்டுக்கு அங்கிருந்துதான் ஓடைத்தண்ணி வரும். இப்பச் சொட்டு இல்லீங்க. பள்ளமே காயுதுங்க."

"அதனாலதான் அவரு கூடப் போகலீங்களா?"

பங்காரு கியரை மாற்றினார். "காஞ்சதுக்கப்புறம் மலை மொனகுதுங்கம்மா. பாறை வெடிப்பு விடுதுன்னு சொல்றாங்க. இருக்கும்ங்க."

ஜீப் போக முடியாத இடத்தில் இறங்கி நடந்தார்கள். மத்தியானம்தான். ஆனால் சீகைத் தோப்புக்குள் சாம்பல் நிற இருட்டு தேங்கியிருந்தது. கீழே ஒரு புல் இல்லை, ஒரு செடி இல்லை. உதிர்ந்த காய்ந்த காய்கள் காலடியில் நொறுங்கின. குருவிச் சத்தம் இல்லை. மரங்கள் நெருக்கி நெருக்கி, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து, வேர்களை மண்ணுக்கு வெளியே விரல்போல் ஊன்றிக்கொண்டு நின்றன. எல்லா வேரும் ஒரே திசையில், பள்ளத்தை நோக்கிப் போயின.

தோப்பு முடிந்தது. வெளிச்சம். பிறகு மூடுபனி.

தோப்பின் விளிம்பில் கோபாலசாமியின் செருப்புகள் இருந்தன. அவசரத்தில் உதறியவை அல்ல. யாரோ தூங்குகிற வீட்டுக்குள் ஓசையில்லாமல் நுழைகிறவர் கழற்றி வைப்பதுபோல், ஜோடியாக, ஓரமாக.

பங்காரு நின்றுவிட்டார்.

"நான் இங்கயே நிக்கறனுங்கம்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கொரல் குடுங்க. வாரேன்."

அவர் வரமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அவள் புல்லுக்குள் இறங்கினாள். காற்றே இல்லை. ஆனால் புல் முழுக்க ஒரு பக்கமாகப் படிந்திருந்தது, சீப்பால் வாரி விட்டதைப் போல. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அது இரண்டாகப் பிரிந்தது. பாதிப் புல் இந்தப் பக்கம், பாதிப் புல் அந்தப் பக்கம். நடுவில் ஒரு நேர்கோடு, பனிக்குள் போயிற்று. யானைத்தடமாக இருக்கும். தண்ணீர் ஓடின தடமாக இருக்கும். அவள் அந்தக் கோட்டில் நடந்தாள்.

தரை அமுங்கியது. எழும்பியது.

மெத்தை என்று சொன்னார்களே, அதுதான். தன் எடைதான். அவள் நடப்பதை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

தரை அமுங்கியது. எழும்பியது. மெதுவாக. ஒரே சீராக.

"ஏனுங்க" என்று கூப்பிட்டாள். குரல் பனியில் பஞ்சாக விழுந்தது.

ஓசை கேட்டது. சரக், சரக் என்று, ஈரமான ஒன்றை இழுத்து இறுக்குகிற ஓசை. அதை நோக்கிப் போனாள். பனி விலகி, கோபாலசாமியின் முதுகு தெரிந்தது. சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் புல் இல்லை. புல் என்று இவ்வளவு தூரம் நினைத்து மிதித்துக்கொண்டு வந்தது புல் இல்லை. கறுத்து, நீண்டு, ஈரத்தில் மின்னிக்கொண்டு, கொத்துக் கொத்தாக. அவர் அதை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார். பின்னி முடித்த சடை, ஆள் கனத்துக்கு, அவர் முதுகுக்குப் பின்னால் கிடந்து பனிக்குள் போயிருந்தது. ஒரு ராத்திரியில் ஒரு மனிதர் பின்னக்கூடிய நீளமில்லை அது.

"எந்திரிங்க. ஊட்டுக்குப் போலாம்."

அவர் திரும்பினார். விரல்கள் நிற்கவில்லை. நுனிகள் தோலுரிந்து ரத்தம் கசிந்தது. ஆனால் அந்த முகம். இத்தனை நாள் அலைந்த அலைச்சலெல்லாம் வடிந்து, குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற தகப்பன் முகம்.

"மெதுவாப் பேசு" என்றார். "குழாய வெச்சு நாந்தான் இடிச்சு எழுப்பிப்போட்டேன். மரம் வேற தண்ணிய உறிஞ்சு உறிஞ்சு அதுக்குத் தூக்கமே இல்லெ. பின்னிட்டே இருந்தாத்தான் தூங்குது. நீயும் ஒரு பக்கம் உக்காரு லட்சுமி. உனக்கு நல்லா வரும்."

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்க. வாங்க."

"விட்டா முழிச்சுக்கும்."

"வாங்கன்னு சொல்றேன்ல!"

அவள் குனிந்து அவர் மணிக்கட்டுகளைப் பிடித்தாள். பனிக்கட்டி போல் சில்லிட்டிருந்தன. அப்போதுதான் அவர் முழங்காலுக்குக் கீழே, இரண்டாகப் பிரிந்த அந்தக் கோட்டில் என்ன இருந்தது என்று பார்த்தாள். சேறு இல்லை. வெளுத்த, ஈரமான, துளைத்துளையான தோல். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு முடி. அந்த வகிடு வெதுவெதுவென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவள் இழுத்தாள். முழுப் பலத்தோடு, அலறிக்கொண்டு இழுத்தாள். கோபாலசாமி "வேண்டாம், வேண்டாம்" என்று கெஞ்சினார். விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள்.

சடை அவிழத் தொடங்கியது. யாரும் தொடாமல். ஒரு புரி, அடுத்த புரி. பனிக்குள் அந்த ஓசை வெகுதூரம் ஓடியது.

தரை அமுங்கியது.

எழும்பவில்லை.

"என்ன காரியம் பண்ணிப்போட்டே" என்றார் கோபாலசாமி, கோபமே இல்லாமல். அவள் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எங்கோ தொலைவில் பங்காரு கூவுவதும், பிறகு ஓடுவதும் கேட்டது. எதிர்க் கரையில் பட், பட்டென்று வேர்கள் தெறித்தன. காற்றில்லாத அந்த மத்தியானத்தில் அந்தக் கரைச் சீகைத் தோப்பு முழுவதும், அத்தனை மரமும் ஒன்றாக, ஒரே பக்கம் சாய்ந்தது. போர்வை நழுவுவதுபோல் நழுவி, ஓசையில்லாமல் பனிக்குள் இறங்கிப் போயிற்று. ஒரு துண்டில் காடு. அடுத்த துண்டில் ஒற்றை மரம் இல்லை.

பனி விலகியது.

மலைச்சரிவு எதிரே இருந்தது. மொத்தமும். அவ்வளவு பக்கத்தில். அது மெதுவாக, வெகு மெதுவாக, இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது.

அதன் நடுவில், பக்கம் பக்கமாக இரண்டு இடங்களில், புல் பிரியத் தொடங்கியது.